தாமஸ் கப்பலில் வந்த ஆங்கிலம்

வாணிகம் செய்ய வந்த கப்பல்களைப் பற்றியும் போர் தொடுக்க வந்த கப்பல்களைப் பற்றியும் வரலாற்று நூல்கள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. ஆசிரியர்களை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் பெருங்கடலைக் கடந்த கதை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. 1901ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, வழியில் ஹொனலூலுவில் நின்று, ஆகஸ்ட் 21ஆம் நாள் மணிலா விரிகுடாவை அடைந்த 'தாமஸ்' அத்தகைய கப்பல். அமெரிக்கப் படைக்குச் சொந்தமான அந்தக் கப்பலில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் வந்திறங்கினார்கள். அவர்களுள் பெண்கள் நூற்றைம்பதுக்கும் மேல். ஹார்வர்ட், யேல், கார்னெல், மிச்சிகன், கலிபோர்னியா எனப் பல கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் படித்தவர்கள். சிலர் முன்பே ஆசிரியர் பணி பார்த்தவர்கள். பலர் அப்போதுதான் பட்டம் பெற்றவர்கள். பயண நாள்களிலேயே தங்கள் பெயர்களையும் படித்த கல்லூரிகளையும் தொகுத்துத் 'தாமஸின் நாட்குறிப்பு' என்று ஒரு மலரும் ஆயத்தம் செய்தார்கள். உல்லாசப் பயணத்தின் உற்சாகமும் ஊழியம் செய்யப் போகிறோம் என்ற பெருமிதமும் கலந்த மனநிலை அது. பிலிப்பைன்ஸ் மக்கள் அவர்களைக் கப்பலின் பெயராலேயே 'தாமசைட்டுகள்' என்று அழைத்தார்கள். முன்னும் பின்னும் வேறு கப்பல்களில் வந்த ஆசிரியர்களுக்கும் நாளடைவில் அப்பெயரே நிலைத்தது.

கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் வெளிநாடு சென்று, அங்குள்ள பள்ளிகளைப் பார்வையிட்டு, சில வாரங்கள் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துத் திரும்புவது இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தின் முன்னோடிகளைத் தேடிச் செல்பவர்கள் தாமஸ் கப்பலைத் தவிர்க்க முடியாது. அன்று வந்தவர்கள் ஆங்கிலத்தைக் கற்பித்தார்கள், அது வேரூன்றியது. இதில் கருத்து வேறுபாடு இல்லை. அந்த மொழி வகுப்பறைக்குள் நுழைந்தபோது, அதுவரை குழந்தையின் நாவில் இருந்த மொழி எங்கே போய் நின்றது என்பதுதான் இக்கட்டுரையில் நாம் கேட்க விரும்பும் கேள்வி. ஒரே நாட்டில் நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக அக்கேள்விக்கு மாறி மாறி விடை எழுதியிருக்கிறார்கள். அவ்விடைகளைத் தொடர்ந்து படிப்பது மொழி கற்பிக்கும் எவருக்கும் பயன்படும்.

ஆங்கிலத்துக்கு முன்

ஸ்பெயின் பிலிப்பைன்ஸை முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது. ஆனால் ஆண்டவர்களின் மொழி ஆளப்பட்டவர்களுக்குப் பரவலாகக் கிடைக்கவில்லை. 1863ஆம் ஆண்டின் கல்வி ஆணை ஊர்தோறும் தொடக்கப்பள்ளி வேண்டும், அங்கே ஸ்பானிய மொழி கற்பிக்க வேண்டும் என்று கூறியது. நடைமுறையில் பள்ளிகளின் மேற்பார்வை பாதிரிமார்களின் கையில் இருந்தது. மக்கள் ஸ்பானியம் கற்றுக்கொண்டால் தங்களுடைய இடைநிலை அதிகாரம் போய்விடும் என்று அவர்களில் பலர் அஞ்சினார்கள். ஹோசே ரிசால் 1891இல் வெளியிட்ட 'எல் பிலிபுஸ்தெரிஸ்மோ' நாவலில், ஸ்பானிய மொழி கற்பிக்க ஒரு கழகம் வேண்டும் என்று மாணவர்கள் விண்ணப்பித்து அலைக்கழிக்கப்படுவது முக்கியமான கதைச்சரடு. மொழியைக் கேட்டவர்களுக்கு அது மறுக்கப்பட்டது. பத்தே ஆண்டுகளில், கேளாத இன்னொரு மொழி கப்பலேறி வந்தது.

இடையில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1898இல் அமெரிக்காவிடம் ஸ்பெயின் தோற்றது. அவ்வாண்டு டிசம்பரில் பாரிஸ் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் கைக்கு மாறியது. அதன்பொருட்டு ஸ்பெயினுக்கு இரண்டு கோடி டாலர் கொடுக்கப்பட்டது. அதற்குள் பிலிப்பைன்ஸ் மக்கள் விடுதலையை அறிவித்து, தங்களுக்கென ஓர் அரசையும், அதே ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்தையும் அமைத்திருந்தார்கள். 1899 பிப்ரவரியில் புதிய ஆட்சியாளருடன் போர் மூண்டது.

மணிலாவில் மூடிக்கிடந்த ஏழு பள்ளிகளைத் திறந்தவர் படையோடு வந்த ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். அமெரிக்கர் ஆட்சியில் முதலில் ஆங்கிலம் கற்பித்தவர்களும் படைவீரர்களே. கல்விக்குச் செலவிடுவது மக்களை அமைதிப்படுத்தும் படை நடவடிக்கைக்குத் துணை செய்யும் என்று தளபதி ஆர்தர் மக்ஆர்தர் வெளிப்படையாகவே பரிந்துரைத்தார். 1901 ஜனவரி 21ஆம் நாள் நிறைவேறிய 74ஆம் எண் சட்டம் பொதுக்கல்வித் துறையை நிறுவி, நடைமுறையில் இயன்ற அளவு விரைவாக எல்லாப் பொதுப்பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழியாக வேண்டும் என்று விதித்தது. ஆயிரம் ஆசிரியர்களை அமெரிக்காவிலிருந்து வரவழைக்கவும் அச்சட்டமே இசைவளித்தது. மாதச் சம்பளம் 75 முதல் 125 டாலர் வரை. தாமஸ் கப்பல் இந்தச் சட்டத்தின் பிள்ளை. சட்டத்தின் எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அது திரும்பவும் வரும்.

தெரியாத மொழியில் ஒரு வகுப்பறை

மணிலாவில் இறங்கியவர்கள் சிறு சிறு குழுக்களாகவும் தனியாகவும் தீவுகளெங்கும் அனுப்பப்பட்டார்கள். பல ஊர்களில் போர் ஓய்ந்திருக்கவில்லை. 1902இல் காலரா பரவி, அடுத்த இரண்டு ஆண்டுகளில் இலட்சம் உயிர்களுக்குக் குறையாமல் கொண்டுபோனது. அதே ஆண்டு ஜூன் மாதம் செபு தீவில் நான்கு ஆசிரியர்கள் கொல்லப்பட்டார்கள். நோயாலும் சிலர் மாண்டார்கள். அவர்களுடைய துணிவை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

வகுப்பறையை எண்ணிப் பார்ப்போம். ஆசிரியருக்கு அந்த ஊரின் மொழி தெரியாது. ஸ்பானியமும் பலருக்குத் தெரியாது. எதிரே இருக்கும் குழந்தைகளுக்கு ஆங்கிலம் தெரியாது. பொருளைக் கையில் எடுத்துக் காட்டிப் பெயரைச் சொல்லி, குழந்தைகளைத் திருப்பிச் சொல்லவைப்பதே வழி. காலையில் குழந்தைகளுக்குப் பாடம், பள்ளி விட்டபின் உள்ளூர் ஆசிரியர்களுக்குப் பாடம் என்பது பல ஊர்களில் நடைமுறை. நேற்று மாலை கற்ற பாடத்தை இன்று காலை கற்பிக்கும் உள்ளூர் ஆசிரியர்கள் இவ்வாறு உருவானார்கள். 1901 செப்டம்பர் முதல் நாளிலேயே மணிலாவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியும் தொடங்கப்பட்டது. ஆங்கிலத்தை நாடெங்கும் கொண்டு சென்றவர்கள் பெரும்பாலும் இந்த உள்ளூர் ஆசிரியர்களே. கப்பலில் வந்தவர்களைப் பற்றி நூல்கள் உண்டு. இவர்களைப் பற்றி மிகக் குறைவு.

அடுத்து, பாடநூல். அமெரிக்கக் குழந்தைகளுக்கென எழுதப்பட்ட வாசகப் புத்தகங்களே மூட்டை மூட்டையாக வந்தன. மாவும் தேங்காயும் தின்று வளர்ந்த பிள்ளைகள் ஆப்பிளைப் பற்றி எழுத்துக்கூட்டினார்கள். ஆண்டு முழுதும் வெயிலும் மழையுமாக இருக்கும் நாட்டில் பனி விழுவதைப் பற்றிப் படித்தார்கள். தாமஸ் கப்பலில் வந்து கப்பீஸ் என்னும் ஊரில் பணியாற்றிய மேரி ஃபீ இதன் பொருந்தாமையை உணர்ந்தவர்களுள் ஒருவர். வேறு சிலரோடு சேர்ந்து 1907இல் பிலிப்பைன்ஸ் குழந்தைகளுக்கென்றே ஒரு முதல் வகுப்பு நூலை உருவாக்கினார். தம் அனுபவங்களை 1910இல் தனி நூலாகவும் வெளியிட்டார். வில்லியம் ஃப்ரீர் என்னும் ஆசிரியர் 1906இலேயே தம் பட்டறிவை நூலாக்கினார். இத்தகைய நூல்களிலும் அக்காலக் கடிதங்களிலும் அன்பு உண்டு, வியப்பு உண்டு, இகழ்ச்சியும் உண்டு. தாங்கள் ஆளும் இனம் என்ற நினைப்பிலிருந்து விடுபட்டவர்கள் மிகச் சிலரே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆப்பிளுக்குப் பதில் மாம்பழம் வந்தது. அந்நியப் பெயர்களுக்குப் பதில் உள்ளூர்ப் பெயர்கள் வந்தன. 1920களில் கமிலோ ஓசியாஸ் உருவாக்கிய வாசகப் புத்தகங்களில் நாட்டுக் கதைகளும் இடம்பெற்றன. ஆனால் அவையெல்லாம் ஆங்கிலத்திலேயே இருந்தன. குழந்தையின் உலகை வகுப்பறைக்குள் விட்டார்கள். குழந்தையின் மொழியை வாசலில் நிறுத்தினார்கள். பள்ளி வளாகத்துக்குள் தாய்மொழி பேசினால் காசு தண்டம் கட்ட வேண்டும் என்ற வழக்கமும் பல பள்ளிகளில் வேரூன்றியது.

இதற்கு அவர்கள் சொன்ன காரணம் எளிதில் தள்ளிவிடக்கூடியது அன்று. தீவுகளில் வழங்கும் மொழிகள் 170க்கும் மேல். எதை எடுப்பது, எதை விடுப்பது? எல்லாருக்கும் சமமாக அந்நியமான ஒரு மொழியே எல்லாரையும் இணைக்கும் என்றார்கள். பன்மொழி நாடுகளில் இந்த வாதம் அடிக்கடி கேட்கக் கூடியதே. அது ஒரு பாதி உண்மை. மறுபாதியை அளந்து பார்க்க 24 ஆண்டுகள் ஆயின.

அளந்து பார்த்தவர்கள்

1925இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பால் மன்றோ தலைமையில் ஒரு குழு பிலிப்பைன்ஸ் கல்வியை விரிவாக ஆராய்ந்தது. பெரும்பாலான பிள்ளைகள் ஆங்கிலம் கைகூடுவதற்கு முன்பே பள்ளியை விட்டுவிடுகிறார்கள், நீடிப்பவர்களும் வாசிப்பில் மிகவும் பின்தங்கியிருக்கிறார்கள் என்று அது கண்டது. கண்டும், ஆங்கிலமே தொடரட்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 1924இல், நஜீப் சலீபி என்பவர் இந்த முறை வெற்றி பெறாது, தாய்மொழிகளில்தான் கல்வி தர வேண்டும் என்று வாதிட்டிருந்தார். லெபனானில் பிறந்த மருத்துவர் அவர். தென் தீவுகளில் கல்வி அதிகாரியாகவும் இருந்தவர். வெளியிலிருந்து வந்த ஒருவர் இதைச் சொன்னார் என்பது குறிப்பிடத்தக்கது. அவர் பேச்சு அன்று அம்பலம் ஏறவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தாமஸ் கப்பல் வந்து கால் நூற்றாண்டு முடிவதற்குள், 1925இல், பாஸ் மார்க்கேஸ் பெனிட்டேஸ் எழுதிய 'இறந்த விண்மீன்கள்' என்ற ஆங்கிலச் சிறுகதை வெளிவந்தது. பிலிப்பைன்ஸின் நவீன ஆங்கிலச் சிறுகதை அதிலிருந்து தொடங்குவதாக இலக்கிய வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். நிக் ஹோக்கின், கார்லோஸ் புலோசான், சியோனில் ஹோசே எனப் பின்வந்த வரிசை நீண்டது. வந்த மொழியை வளைத்துத் தமதாக்கிக்கொண்ட படைப்பாளிகள் இவர்கள். அவர்களை அந்நிய மொழியின் அடிமைகள் என்று ஒதுக்குவது இலக்கியம் அறிந்தவர் செய்யும் செயலாகாது. அதே வேளையில், லோப்பே சாண்டோஸின் 'பனாக் அத் சிகாத்' என்னும் தகலோக் மொழி நாவல் 1906இலேயே நூலாகிவிட்டது என்பதையும் மறக்கலாகாது. தொழிலாளர் உரிமை பேசிய அந்த நாவல் பிறந்த மொழியை வகுப்பறைக்குத் தகுதியற்றதாகச் சட்டம் கருதியிருந்தது.

1939ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்கள் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். முப்பத்தெட்டே ஆண்டுகளில் இது பெரிய சாதனை என்று ஒருவர் சொல்லலாம். மற்ற முக்கால் பங்கினர் நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் யாரை நம்பி நின்றார்கள் என்று இன்னொருவர் கேட்கலாம். ரெனாத்தோ கோன்ஸ்தாந்தீனோ 1959இல் எழுதி 1966இல் வெளியான தம் புகழ்பெற்ற கட்டுரையில் கேட்டது ஏறத்தாழ இதைத்தான். படித்தவனைப் படிக்காதவனிடமிருந்தும், இருவரையும் தங்கள் வரலாற்றிலிருந்தும் பிரித்தது இக்கல்வி என்பது அவருடைய குற்றச்சாட்டு.

வாதங்களை விட வலுவான சான்று ஓர் உள்ளூர் மனிதரிடமிருந்து வந்தது. இலோயிலோ பகுதியின் பள்ளிக் கண்காணிப்பாளர் ஹோசே அகிலார் 1948 முதல் 1954 வரை ஒரு சோதனையை நடத்தினார். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு முதல் இரண்டு வகுப்புகள் அவர்களுடைய ஹிலிகய்னோன் மொழியில். மறுபகுதிக்கு வழக்கம் போல் ஆங்கிலத்தில். தாய்மொழியில் தொடங்கியவர்கள் கணக்கிலும் வாசிப்பிலும் முந்தினார்கள். மூன்றாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாறியபோது, இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே ஆங்கிலம் தொடங்கியவர்களை அம்மொழியிலும் விரைவில் எட்டிப் பிடித்தார்கள். இதன் பயனாக 1957 முதல் தொடக்க வகுப்புகளில் வட்டார மொழிகள் பயிற்றுமொழி ஆயின. அகிலாருக்கு 1959இல் மக்சேசே விருது கிடைத்தது. அரசுப் பணிக்கான அவ்விருதை அவ்வாண்டு அவரோடு பகிர்ந்துகொண்டவர் நம் சி. டி. தேஷ்முக். ஆங்கிலம் நன்றாக வர வேண்டுமானாலும் தாய்மொழியின் படியில்தான் ஏற வேண்டும் என்று அந்த ஊர்க் குழந்தைகள் காட்டிவிட்டார்கள்.

மீண்டும் வந்த இளைஞர்கள்

அந்தப் படி அமைக்கப்பட்ட சில ஆண்டுகளில் அமெரிக்க இளைஞர்கள் மீண்டும் வந்தார்கள். 1961 மார்ச் முதல் நாள் அதிபர் கென்னடி பீஸ் கோர் என்னும் தொண்டர் அமைப்பை உருவாக்கினார். அவ்வாண்டு அக்டோபரில் அதன் முதல் குழு பிலிப்பைன்ஸை அடைந்தது. பெரும்பாலோர் கல்லூரிப் படிப்பை அப்போதுதான் முடித்தவர்கள். கிராமத் தொடக்கப்பள்ளிகளில் ஆங்கிலத்துக்கும் அறிவியலுக்கும் 'துணை ஆசிரியர்' என்பது அவர்களுக்குத் தரப்பட்ட பெயர்.

அறுபது ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகியிருந்தது. தாமசைட்டுகள் சென்ற ஊர்கள் பலவற்றில் ஆங்கிலம் கற்பிக்க ஆளில்லை. புதியவர்கள் சென்ற ஊர்களிலோ, தொழிலில் பழுத்த பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இருபத்திரண்டு வயதுப் பட்டதாரி எதில் துணை செய்வது? அந்த ஆசிரியர் இடத்தை அவர் எடுத்துக்கொள்ளவும் கூடாது. துணை ஆசிரியர் என்றால் என்ன வேலை என்பது வந்தவருக்கும் விளங்கவில்லை, வரவேற்றவருக்கும் விளங்கவில்லை. பிலிப்பைன்ஸில் அவ்வமைப்பின் முதல் இயக்குநராக இருந்த லாரன்ஸ் ஃபூக்ஸ் பின்னர் 1967இல் எழுதிய நூலில் இந்தத் தடுமாற்றங்களை ஆராய்ந்தார். அந்நூலில் ஆய்வுக்குள்ளானவர்கள் அமெரிக்கர்களே. எதையாவது சாதித்துக் காட்ட வேண்டும் என்று அவர்கள் துடித்தார்கள். ஊராருக்கோ அவர்கள் நல்ல விருந்தினராகவும் அண்டை வீட்டாராகவும் இருந்தாலே நிறைவு. ஒரு தேசத்தின் இளைஞர்கள் கற்பிக்கப் போன இடத்தில் ஆராயத்தக்க பொருளாகத் தாங்களே மாறியது இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம் என்று நாம் கருதுகிறோம். 1963இல் ஆசியாவில் பணிபுரிந்த பீஸ் கோர் தொண்டர்களுக்கும் மக்சேசே விருது அளிக்கப்பட்டது. சாதனைக் கணக்கைப் பார்த்து அது தரப்படவில்லை. பன்னாட்டு நல்லுறவு என்ற பிரிவில் தரப்பட்டது. பொருத்தமான பிரிவுதான்.

கப்பல் திரும்பிய திசை

1990களிலிருந்து இன்னொரு பயணம் தொடங்கியது. ஆங்கிலம் கற்க விரும்பிய தென்கொரிய மாணவர்கள் மணிலா, பாகியோ, செபு ஆகிய நகரங்களுக்கு வரலானார்கள். பின்னர் ஜப்பானியரும் வந்தார்கள். சிறு தடுப்பறைக்குள் மாணவர் ஒருவர், ஆசிரியர் ஒருவர் என நாள் முழுதும் உரையாடிப் பழகும் முறை அங்கே புகழ்பெற்றது. 1902இல் நான்கு ஆசிரியர்கள் உயிரிழந்த செபு, நூறாண்டுக்குள் அயல்நாட்டார் ஆங்கிலம் கற்க வந்து சேரும் ஊராயிற்று. 2020இல் பெருந்தொற்றால் நின்றுபோன அந்த வரவு 2022இல் மீண்டும் தொடங்கியது.

ஆசிரியர்களும் எதிர்த்திசையில் பயணம் செய்கிறார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் ஆள் போதாத இடங்களை நிரப்பப் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் அழைக்கப்படுகிறார்கள். 1901இல் சென்றவர்களுக்கு அரசே கப்பல் விட்டது. லூசியானா மாநிலத்துக்கு 2007 முதல் சென்ற முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களோ முகவர்களுக்குப் பெருந்தொகை கட்டிக் கடனாளிகளாகப் போய்ச் சேர்ந்தார்கள். 2012 டிசம்பரில் நீதிமன்ற நடுவர் குழு அவர்களுக்கு 45 இலட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. ஒரே மொழியைக் கற்பிக்கக் கடல் கடப்பவர்களுள்ளும் யார் எங்கிருந்து புறப்படுகிறார்கள் என்பதைப் பொறுத்து வரவேற்பு மாறுகிறது.

வகுப்பறை வாசலில் நிறுத்தப்பட்ட தாய்மொழிக்கு வருவோம். 1957இல் திறந்த கதவு 1974இல் ஆங்கிலம், பிலிப்பினோ என்னும் இருமொழிக் கொள்கையால் மீண்டும் சாத்தப்பட்டது. 2009இல் கல்வித்துறை தாய்மொழி வழிப் பன்மொழிக் கல்வியை நிலைநாட்ட ஓர் ஆணை பிறப்பித்தது. அதன் எண் 74. ஆங்கிலத்தைக் கொண்டுவந்த 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்ணும் 74 என்பது தற்செயல்தான். ஆயினும் வரலாறு தன் பிழையைத் தானே திருத்தியதாக ஒரு கணம் தோன்றாமல் இல்லை. 2013இல் அது சட்டத்தின் வலிமையும் பெற்றது. ஆனால் நூறு மொழிகளுக்கு மேல் வழங்கும் நாட்டில் பாடநூல்களும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் வேண்டிய அளவு அமையவில்லை. 2018ஆம் ஆண்டின் பீசா என்னும் பன்னாட்டு மாணவர் தேர்வில், பங்கேற்ற 79 நாடுகளிலும் பகுதிகளிலும் பிலிப்பைன்ஸ் வாசிப்பில் கடைசி இடம் பெற்றது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் அத்தேர்வை எழுதியது ஆங்கிலத்தில். 2024 அக்டோபரில் 12027ஆம் எண் சட்டம் தொடக்க வகுப்புகளில் தாய்மொழி கட்டாயப் பயிற்றுமொழியாக இருப்பதை முடிவுக்குக் கொண்டுவந்தது. வட்டார மொழிகள் மீண்டும் துணைமொழிகள் ஆயின.

அரைகுறையாகச் செய்யப்பட்ட ஒன்றைச் செய்து பார்த்தோம், பலிக்கவில்லை என்று கைவிடுவது கல்வி வரலாற்றில் புதிதன்று. மன்றோ குழு 1925இல் ஆங்கிலவழிக் கல்வியின் தோல்வியைத் தன் கண்ணால் கண்டும் அதற்கு மேலும் காலம் கொடுத்தது. தாய்மொழிக்குச் சட்டம் கொடுத்த காலம் பதினோரே ஆண்டுகள். இரண்டுக்கும் ஒரே தராசைப் பயன்படுத்தவில்லை என்பதே நம் வருத்தம்.

வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் சில வாரம் ஆங்கிலம் கற்பிக்கப் போகும் மாணவர்களை நாம் குறை கூற வரவில்லை. இளமையில் கடல் கடந்து, அறியாத குழந்தைகளின் முன் சுண்ணக்கட்டியோடு நிற்பது நல்ல அனுபவம். மேரி ஃபீயைப் போல் பாடநூலைத் திருத்தி எழுதத் தோன்றுகிறவர்களும் அவர்களிடையே இருப்பார்கள். ஆனால் முதல் நாள் முதல் பாடவேளையில் அவர்கள் கற்பிக்கத் தொடங்குவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் குழந்தை வீட்டில் என்ன மொழி பேசுகிறது, அந்த மொழியில் இதற்கு எழுதப் படிக்கத் தெரியுமா? தாமஸ் கப்பலை அனுப்பிய சட்டத்தில் அந்தக் கேள்விக்கு இடமிருக்கவில்லை. அதைக் கேட்டு, விடைக்காக ஆறு ஆண்டுகள் பொறுமையோடு காத்திருந்தவர் எந்தக் கப்பலிலும் வராத இலோயிலோவின் பள்ளிக் கண்காணிப்பாளர் ஒருவரே.